எஞ்சின் எங்கிட்ட

மத்திகிரி ஸ்டாப்பில் பி ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். மதியம் ஒரு மணி. வெயிலைத் திட்டுவதா, வராத பஸ்ஸைத் திட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வெள்ளைப் பஸ் ஒன்று வந்தது. முகப்பில் ‘ஸ்டாஃப் பஸ்’ என்று போட்டிருந்தது. கை காட்டினேன், நின்றது, ஏறினேன். இரண்டாவது படியிலேயே பீன்ஸ் பொரியல் வாசனை வந்தது.

உள்ளே ஒரு சீட்டுகூட இல்லை. சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் கேஸ் அடுப்பு, அதன்மேல் மூடி போட்ட வாணலி. அடுத்து ஒரு மடக்கு மேஜை. அதில் பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில்கள். கடைசியில், இரும்புக் கூண்டுக்குள் வைத்த பெரிய மின்விசிறி மாதிரி ஏதோ ஒன்று.

“பெரியப்பா, செருப்பக் கழட்டுங்க,” என்றாள் அந்தப் பெண், தலையைத் தூக்காமல்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், பாகலூர்ச் சந்தையில் கன்னடம். கோபம் வந்தால் மூன்றும் ஒன்றாக வரும். எதை முதலில் எடுப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். சிவராஜ்.

“எல்லப்பண்ணா! உங்களப் பாத்துதான் நிறுத்துனன். இந்த போர்டப் பாத்துக் கை காட்டறவங்களுக்கெல்லாம் நிறுத்துனா நான் பொழச்ச மாரிதான்.”

“மூணு வருசமா எங்கடா ஒழிஞ்ச? உசுரோட இருக்கறன்னு ஒரு போனாவது போடக் கூடாது?”

“உக்காருங்கண்ணா. சாப்ட்டுப் பேசலாம்.”

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் சொல்லாமல் லீவு போட்டது அந்த ஒரு நாள்தான்.

சிவராஜ் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊத்தங்கரைப் பக்கத்துக்காரன். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். ஐடிஐ முடித்து, ஒரு பையோடு ஓசூருக்கு வந்து, நான் இருந்த வண்டிக் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தான். கம்பெனி பெயர் எதற்கு, விடுங்கள். எஞ்சின் டெஸ்ட் பெட்டில் போட்டார்கள். புதிதாகப் பூட்டிய எஞ்சினை மேடையில் மாட்டி, முறுக்கி ஓடவிட்டு, சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிற வேலை. சத்தத்தில் ஒரு நூல் மாறினாலும் எதிரே இருக்கிற பெரிய சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்த வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. யோசித்தால் உள்ளே பிஸ்டன் நொறுங்கிவிடும்.

அவன் எந்த ஷிப்ட்டோ, அதற்கு அடுத்த ஷிப்ட் எனக்கு. பன்னிரண்டு வருஷம் இப்படித்தான். அவன் இறங்குவான், நான் ஏறுவேன். நடுவில் பத்து நிமிஷம் பார்ப்போம். அவனுக்குக் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தது, மனைவி மேகலா பாகலூர் ரோட்டில் எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்தது எல்லாமே எனக்கு அந்தப் பத்துப் பத்து நிமிஷத்தில் தெரிந்ததுதான். கடைசி சில வருஷங்களில் பத்து நிமிஷம் அரை மணி ஆனது. ஷிப்ட்டை ஒப்படைத்த பிறகும் கிளம்பமாட்டான். பக்கத்திலேயே நின்று ஊர்க்கதை பேசுவான். ‘ஓட்டவாயா, வீட்டுக்குப் போய்த் தொலை’ என்று எத்தனை தரம் திட்டியிருப்பேன்.

ஒப்படைப்பதற்கு ஒரு முறை இருந்தது. ஓடுகிற எஞ்சினை விட்டு ஆள் நகரக் கூடாது. அடுத்த ஷிப்ட்காரன் வந்து தோளைத் தொட வேண்டும். ‘எஞ்சின் எங்கிட்ட’ என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் ஆள் கையை எடுக்கலாம். எடுத்த பிறகு அந்த எஞ்சினை அவன் தொடவே கூடாது, அது எரிந்தாலும் சரி. இதை மீறிய ஒருத்தனை நான் அங்கே பார்த்ததில்லை.

பிறகு பேட்டரி வண்டிகள் வந்தன. டெஸ்ட் பெட்டில் பாதியை மூடினார்கள். விருப்ப ஓய்வு என்றார்கள். வாங்கியவர்கள் மனை வாங்கினார்கள், மளிகைக் கடை வைத்தார்கள். சிவராஜ் மட்டும் கம்பெனி கழித்துக் கட்டிய ஒரு ஸ்டாஃப் பஸ்ஸை வாங்கிக்கொண்டு காணாமல் போனான். என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குக் காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மேகலா போட்ட பீன்ஸ் பொரியலும் ரசமும் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்டேன். தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்? கூரைமேல் தொட்டி. குளியல்? கடைசி மூலையில் திரை போட்ட ஒரு பெட்டி. கக்கூஸ்? அதே பெட்டி. மகளுக்குப் பள்ளிக்கூடம்? மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சௌமியா எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதுகிறாள். ஏன் இந்த போர்டை அழிக்கவில்லை? கை காட்டுகிறவர்களை எண்ணுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. அன்று நான் நாலாவது.

“சரி, அந்த ஃபேன் எதுக்கு?” என்று கடைசியில் கூண்டைக் காட்டினேன்.

“அது ஃபேன் இல்லண்ணா. அதான் எங்களுக்குச் சோறு போடுது,” என்றாள் மேகலா.

அதை முதுகில் மாட்டிக்கொண்டு, பாராசூட் மாதிரி ஒரு துணி இறக்கையைத் தலைக்கு மேலே எழுப்பி, ஓடி, வானத்துக்குப் போவதாம். பாரா மோட்டார். ஊர் ஊராகப் போய் அறுவடை முடிந்த காட்டில் பஸ்ஸை நிறுத்தி, பத்து நாள் தங்கி, வருகிறவர்களுக்குப் பறக்கக் கற்றுத் தருகிறார்கள். தேனி, அனந்தபூர், சித்ரதுர்கா, கோலார் என்று போய்விட்டு வந்திருந்தார்கள். அறுபத்தோரு பேரை ஏற்றி இறக்கியாகிவிட்டது.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி அணைக்கு மீன் வறுவல் சாப்பிடப் போயிருக்கிறார்கள். மேலே ஒருத்தன் இப்படிப் பறந்திருக்கிறான். அத்தனை ஜனமும் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்க்க, இவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறான். அந்த ஆள் இறங்கியதும் நேரே போய், ‘கார்புரேட்டர்ல ஜெட் ஒரு சைஸ் பெருசா இருக்குது’ என்றிருக்கிறான். அந்த ஆள் முறைத்திருக்கிறான். பிறகு கழற்றிப் பார்த்திருக்கிறான். பெட்ரோல் போகிற துளை அப்படியே ஒரு சைஸ் பெரிதாக இருந்திருக்கிறது.

“அன்னைக்கிருந்து தூக்கத்துல கூட அதே பேச்சுதான்,” என்றாள் மேகலா.

நான் சிவராஜ் பக்கம் திரும்பினேன். “நீ எவ்ளோ ஒசரம்டா போயிருக்க?”

சிவராஜ் ரசத்தைக் கலக்கினான். மேகலா எழுந்து போய் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள். சௌமியாதான் சொன்னாள்.

“அப்பா இன்னும் பறக்கல பெரியப்பா. அம்மாதான் டீச்சர்.”

அடப்பாவி என்று வாயில் வந்துவிட்டது. நல்லவேளை, வாயில் சோறு இருந்தது.

மகாராஷ்டிராவில் ஒரு மலையடிவாரத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தது இவன். துணைக்குப் போனது அவள். சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களே, நீங்களும் துணியைப் பிடித்துப் பாருங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது வருஷம் தையல் மெஷினில் துணியோடு கிடந்த கை. துணி எங்கே இழுக்கிறது, எங்கே தொய்கிறது என்று அவளுக்கு விரலிலேயே தெரிகிறது. பிடித்த அரை நாளில் இறக்கை தலைக்கு மேலே ஆடாமல் நின்றிருக்கிறது. ஒரு வாரத்தில் பறந்தாள். அடுத்த வருஷம் கற்றுத் தருகிற சான்றிதழும் வாங்கினாள்.

சிவராஜுக்கு எஞ்சின் காதில் உட்கார்ந்துகொண்டது. ஓடி, கால் தரையை விட்டதும் எஞ்சின் சத்தம் மாறும். பாரம் மாறுகிறதில்லையா, எல்லோருக்கும் அப்படித்தான் மாறும். அது அவனுக்கும் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே அவன்தான். ஆனால் அவன் கைக்குத் தெரியவில்லை. சத்தம் மாறிய மறுகணம் கை போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்துவிடும். எஞ்சின் நின்றுவிடும். ஆள் விழுவான்.

அந்தப் பொத்தானையும் அவனேதான் வைத்தான். மற்ற மெஷின்களில் விரல் நுனி அளவு ஸ்விட்ச்தான் இருக்குமாம். இவன் கம்பெனியில் இருப்பது மாதிரி காளான் தலைப் பொத்தானைத் தேடி வாங்கி நெஞ்சு வாரில் பொருத்தியிருந்தான். மேகலா அதை இடது பக்கம் மாற்றிப் பார்த்தாள். ஒரே வாரத்தில் இடது கை கற்றுக்கொண்டது, பழைய இடத்துக்கே மாற்றிவிட்டாள். எடுத்துவிடவும் முடியாது. அவசரத்துக்கு நிறுத்த ஒன்று வேண்டும்.

மூன்று வருஷத்தில் ஒன்பது தடவை விழுந்திருக்கிறான். எட்டாவது தடவை முழங்கால். ஒன்பதாவது தடவை காறை எலும்பு. சட்டைக் காலரை விலக்கி எனக்குக் காட்டினான், ஏதோ மெடல் மாதிரி.

“இதுல பெருமை வேற,” என்றாள் மேகலா. என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, நீங்களே கேளுங்க. இன்னும் ஒரே ஒரு தடவ. அதுலயும் அந்த பொத்தான் மேல கை போச்சுன்னா அதோட சரி. அப்பறம் ஜென்மத்துக்கும் எங்கிட்ட மெஷின் கேக்கக் கூடாது. அறுபத்தோரு பேர மேல அனுப்பியிருக்கறன். இவரு ஓடும்போது மட்டும் எனக்குக் கை காலெல்லாம் ஒதறுது. புருசன் விழுறதப் பாத்துட்டே நிக்கறதுக்கு நான் டீச்சராவல.”

“சரிங்க மேடம்,” என்றான் சிவராஜ். கிண்டல் இல்லை. பறக்கிற விஷயம் என்று வந்தால் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவான். மற்ற மாணவர்கள் எப்படியோ அப்படியே அவனும்.

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவன் கனவு, அவன் பஸ், அவன் பூட்டிய எஞ்சின். ஊரான் எல்லாம் ஏறிப் பறக்கிறான், இவன் கீழே நின்று கைதட்டுகிறான்.

சிவராஜின் ஊர்ப்பக்கம், சாமல்பட்டிக்குப் பக்கத்தில் என் மச்சான் மாதப்பனுக்கு நிலக்கடலைக் காடு இருக்கிறது. கடலை பிடுங்கி, மண் காய்ந்து, சமமாகக் கிடந்தது. அங்கே வாருங்கள் என்று நான்தான் சொன்னேன். சும்மா இருக்காத வாய். அடுத்த வாரம் நான்கு நாள் முறையாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் அதே பஸ்ஸில் ஏறிப் போனேன். சூளகிரி தாண்டுவதற்குள் இன்னும் மூன்று பேர் கை காட்டினார்கள்.

மாதப்பன், மேகலா நீட்டிய பறப்பதற்கான அனுமதிக் கடிதத்தை வாங்கி, மேலும் கீழும் திருப்பிப் பார்த்தான். படிக்கத் தெரியாது என்றில்லை, அவன் சுபாவம் அப்படி. அன்றைக்குப் பயிற்சிக்கு வந்திருந்தது ஒருத்தர்தான்: மத்திகிரி கால்நடைப் பண்ணைப் பக்கம் குடியிருக்கிற மாட்டு டாக்டர் ரூபா. மாதப்பன் நேரே அவரிடம் போனான்.

“ஏம்மா, மேல போனப்பறம் ஒண்ணுக்கு வந்தா என்னா பண்ணுவ?”

“போயிட்டுதான் மேல போவணும்ங்க,” என்றார் ரூபா. மாதப்பனுக்குத் திருப்தி. அதற்குப் பிறகு மூன்று நாளும் காட்டைவிட்டு நகரவில்லை.

நானும் நகரவில்லை. விடிந்ததும் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கச் சௌமியா ஒரு குச்சியில் ரிப்பன் கட்டி நடுவாள். மேகலா இறக்கையைத் தரையில் பரப்பி, கயிறு ஒவ்வொன்றாக விரலால் நீவுவாள். ‘பின்னால எஞ்சின் இருக்குதுன்னு மறந்துடுங்க. துணியப் பாருங்க. துணிதான் உங்களத் தூக்குது’ என்பாள். மூன்றாம் நாள் காலை ரூபா ஓடினார். அவரோடு பக்கத்திலேயே சிவராஜும் ஓடினான், ‘ஓடுங்க, ஓடுங்க, நிக்காதீங்க’ என்று. அந்த அம்மா தரையை விட்டு எழும்பினார். சிவராஜ் நின்றுவிட்டான். அண்ணாந்து பார்த்தான். அவன் முகத்தில் பொறாமை இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அவனுடைய கடைசி முறை மறுநாள் காலை என்று மேகலா சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலம், வெயில் இறங்குகிற நேரம், சிவராஜ் மெஷினை ஒரு இரும்பு ஸ்டாண்டில் கட்டி ஓடவிட்டுக்கொண்டிருந்தான். காதில் அடைப்பு. கண் மூடியிருந்தது. அப்படியே பழைய டெஸ்ட் பெட். நான் அந்தப் பக்கமாகப் போனேன். முன்பக்கமாகத்தான் போக வேண்டும், விசிறிப் பக்கம் போகக் கூடாது என்று மேகலா முதல் நாளே எச்சரித்திருந்தாள். ஏன் செய்தேன் என்று தெரியாது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவன் தோளைத் தொட்டு, “எஞ்சின் எங்கிட்ட” என்று காதருகே கத்தினேன்.

சிவராஜ் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கையை எடுத்தான். திரும்பினான். நேரே நடந்துபோய் பஸ்ஸின் குழாயில் கை கழுவ ஆரம்பித்தான். சோப்பு போட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. திரும்பிப் பார்த்தான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

எஞ்சின் தானாக நிற்கவில்லை, ஓடிக்கொண்டேதான் இருந்தது. மெஷின் ஸ்டாண்டோடு ஒரு தரம் உதறக்கூடச் செய்தது, எரிபொருள் குறைந்துவிட்டது போல. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ‘நீங்க பாத்துக்கங்க’ என்று நின்றான்.

மேகலாவைத் தனியாகக் கூப்பிட்டு, எஞ்சினை நான் வாங்கிக்கொண்டால் அவன் கை பொத்தானுக்குப் போகாது என்று சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை.

“மூணு வருசம் நான் தலகீழா நின்னு பாத்துட்டன். இவ்ளோ சுளுவா இருக்குமாண்ணா?”

“சுளுவோ கஷ்டமோ, அவன் கை அந்த பேச்சதான் கேக்கும். வேற எதுவும் கேக்காது.”

“அப்ப நாளைக்கு நீங்க வாக்கி டாக்கியில பேசுங்க. ஆனா எஞ்சின நெசமாவே கேக்கணும். சும்மா பேச்சுக்குச் சொல்றது வேணாம்.”

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். என்னை ஏன் ஸ்டோருக்கு மாற்றினார்கள் என்று பிறகு சொல்வதாகச் சொன்னேனே, அது இதுதான். சிவராஜ் போன மறுவருஷம் காது பரிசோதனையில் என் இடது காது செத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வலது காது பாதி. சத்தம் கேட்கும், சத்தத்துக்குள்ளே இருக்கிற சங்கதி கேட்காது. ஸ்டோரில் போல்ட் எண்ணிக் கொடுக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்கவில்லை என்று சொல்வதற்குப் பதிலாகக் கத்திவிடுவேன். எல்லப்பனுக்குக் கோபம் ஜாஸ்தி என்று ஊரே சொல்கிறது, சொல்லட்டும்.

மேகலாவிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அவமானமாக இருந்தது.

அவள் சாய்ந்திருந்த ரிப்பன் குச்சியை நிமிர்த்தி நட்டுவிட்டு வந்தாள். “எஞ்சின நான் கேக்கறன். எதுனா தப்புன்னா உங்க கையத் தொடறன். நீங்க வாயால சொல்லுங்க. ஆனா உங்களுக்குக் கேக்காதுன்னு அவருக்குத் தெரியவே கூடாதுங்கண்ணா. தெரிஞ்சா நம்பமாட்டாரு. கை போயிரும்.”

“நான் ஏம்மா சொல்லப் போறன்?” என்றேன், எரிச்சலாக.

காலையில் காற்று மெதுவாகக் கிழக்கிலிருந்து வந்தது. மாதப்பன் குளித்து, திருநீறு பூசி வந்திருந்தான். சிவராஜ் மெஷினை மாட்டிக்கொண்டு இறக்கைக்கு முன்னால் நின்றான். மேகலா வார் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். பூட்டிய தலைக்கவசத்தை மறுபடி ஒரு தரம் கழற்றிப் பூட்டினாள். அவன் குனிந்து, “பயப்படாத மேகலா,” என்றான். காட்டில் அவளைப் பெயர் சொல்லி அவன் கூப்பிட்டதை அப்போதுதான் கேட்டேன். அதுகூட அவன் என் வலது பக்கம் நின்றிருந்ததால் கேட்டது.

எஞ்சின் ஓட ஆரம்பித்தது. முன்பக்கமாகப் போய், தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

“எஞ்சின் எங்கிட்ட.”

அவன் தலையாட்டினான். நான் விலகி மேகலா பக்கம் வந்தேன். அவள் வாக்கி டாக்கியை என் கையில் வைத்தாள்.

இறக்கை எழுந்தது. அவன் அண்ணாந்து துணியைப் பார்த்தான், பிறகு ஓடினான். நிலத்தில் காய்ந்து கிடந்த கடலைச் செடி வேர் அவன் காலில் நொறுங்குவது தெரிந்தது. பத்து அடி, இருபது அடி. கால் தரையை விட்டது. அந்த இடத்தில்தான் சத்தம் மாறும். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பார்த்தேன்: அவன் வலது கை மடங்கி நெஞ்சுக்குப் போனது.

“எஞ்சின் எங்கிட்ட! டேய், எஞ்சின் எங்கிட்டடா!”

கை அப்படியே நின்றது. பொத்தானுக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில். பிறகு இறங்கி, பிடிக்க வேண்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டது. சிவராஜ் மேலே போனான். போய்க்கொண்டே இருந்தான்.

சௌமியா கத்திய கத்து என் செத்த காதிலும் கேட்டது. மேகலா கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, ஆனால் காது மட்டும் எஞ்சின் பக்கமே இருந்தது. அதை நான் பார்த்தேன்.

வாக்கி டாக்கியில் அவன் குரல் வந்தது. “அண்ணா, சத்தம் எப்டி இருக்குது?”

மேகலாவைப் பார்த்தேன். தலையாட்டினாள்.

“அம்சமா இருக்குது. நீ வேடிக்க பாரு.”

பார்த்தான். என்னென்ன பார்த்தான் என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே போனான். ரயில்வே ஸ்டேஷன் தெரிகிறது. தண்டவாளம் வளைகிறது, கீழே நிற்கும்போது அது வளைவு என்றே தெரியாது. கிணறெல்லாம் வட்டமாகப் பொட்டுப் பொட்டாக இருக்கிறது. பஸ்ஸின் கூரையில் தொட்டி மூடி திறந்திருக்கிறது, யாராவது மூடுங்கள். பிறகு, “அம்மா களை வெட்டுன காடு தெரியுதுண்ணா. இத்தினியூண்டு. இதுக்கா அவ்ளோ நாளு ஆச்சு அவங்களுக்கு,” என்றான்.

கால் மணி நேரம் கழித்து மேகலா வாக்கி டாக்கியை வாங்கினாள். டீச்சர் குரல் திரும்பி வந்திருந்தது. “போதும், எறங்குங்க. காட்டுக்கு நேரா வாங்க. நான் சொன்னதும் பொத்தான அமுக்கி எஞ்சின நிறுத்துங்க.”

வந்தான். இறக்கை அழகாக நேராக வந்தது.

“இப்ப அமுக்குங்க.”

அமுக்கவில்லை.

“அமுக்குங்க! என்னங்க, அமுக்குங்க!”

எஞ்சினோடு எங்கள் தலைக்கு மேலேயே போய்விட்டான். மாதப்பன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டான். மேகலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒன்பது தடவை அமுக்கக் கூடாத இடத்தில் அமுக்கியவன், அமுக்க வேண்டிய இடத்தில் கையையே தூக்கவில்லை.

வாக்கி டாக்கியில் அவன் குரல், கொஞ்சம் தயக்கமாக. “மேடம், எஞ்சின் எல்லப்பண்ணாகிட்ட இருக்குது. நான் எப்டித் தொடறது?”

மேகலா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். கருவியைப் பிடுங்கி, தெலுங்கில் ஒன்றும் கன்னடத்தில் ஒன்றும் திட்டிவிட்டு, தமிழில் சொன்னேன்.

“எஞ்சின் உங்கிட்டடா, முண்டம்! உங்கிட்ட!”

இன்னொரு வட்டம் அடித்து வந்தான். இந்தத் தடவை கை சரியாகப் போய்ப் பொத்தானைத் தட்டியது. எஞ்சின் நின்றது. துணி மட்டும் படபடத்தது. நாலு எட்டு ஓடி நின்றான். விழவில்லை.

சௌமியா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மேகலா போய் முதலில் அவன் காறை எலும்பைத் தடவிப் பார்த்தாள், பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் நான்கு அடி தள்ளி நின்றேன். எனக்கென்ன அங்கே வேலை.

மெஷினை இறக்கி வைத்துவிட்டுச் சிவராஜ் என்னிடம் வந்தான். நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன், அவன் என் இடது பக்கமாகத்தான் வந்திருக்கிறான். வந்தவன் பேசவில்லை. எனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றான். பிறகுதான் வாயைத் திறந்தான்.

“டேங்க்ஸ்ணா.”

எனக்குப் பொறி தட்டியது. “டேய். எதுக்குடா சுத்திகிட்டு வந்த?”

அவன் காலால் ஒரு கடலைச் செடியை நகர்த்தினான்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்ணா.”

“எப்போ இருந்து?”

“கம்பெனியிலேயே. ஒரு தடவ நீங்க எஞ்சின் வாங்குனதும் வால்வு தட்டுச்சு. உங்களுக்குக் கேக்கல. அன்னைல இருந்து வலது பக்கம் நின்னுதான் ஒப்படைப்பன்.”

பன்னிரண்டு வருஷத்தில் கடைசி சில வருஷம், ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் என் பக்கத்திலேயே நின்று அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினானே, ஓட்டவாயன் என்று திட்டினேனே. பேசிக்கொண்டே அவன் எதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு எஞ்சினும் சூடேறி நிதானத்துக்கு வருகிற வரைக்கும் நின்றிருக்கிறான். பொத்தானை மட்டும் தொட்டதில்லை. ஏதாவது தட்டினால், ‘அண்ணா, இது கொஞ்சம் பாருங்களேன்’ என்று பேச்சுவாக்கில் சொல்வான். நான் நிறுத்துவேன். நானே கண்டுபிடித்ததாக எழுதிக்கொள்வேன்.

“அப்ப எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சேவாடா மேல போன?”

“நீங்க சொன்னீங்கல்லண்ணா, எங்கிட்டன்னு.”

அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். நடக்கவில்லை. மாதப்பன் பார்க்க, மாட்டு டாக்டரம்மா பார்க்க, காட்டுக்கு நடுவில் நின்று அழுதேன். சிவராஜ் என் தோளைத் தொட்டான்.

“எஞ்சின் எங்கிட்டண்ணா. நீங்க போய் டீ குடிங்க.”